பால் வடியும் நேரம்

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, டியூஷன் முடிந்து என் மகன் கடைவீட்டு மாடிப்படியில் நாற்பது நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் ஆண்டு படிக்கிற பையன். டியூஷன் டீச்சர் மூன்று முறை அழைத்திருக்கிறார். என் கைப்பேசி அடுத்த அறையில், ஒலி அணைந்து கிடந்தது. நானோ மடிக்கணினியில் நேர மேலாண்மை பற்றி ஒரு காணொளி பார்த்து, நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கவனம் சிதறக் கூடாது, போனைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள் என்று அந்தக் காணொளிக்காரர்தான் சொல்லியிருந்தார்.

காரில் ஏறியதும் அவன் கோபப்படவில்லை. "ஜாமா அம்மா?" என்று மட்டும் கேட்டான். "ஆமாய்யா, ஜாம்" என்றேன். ஜாம் என்றால் சாலை நெரிசல். கோலாலம்பூரில் எந்தத் தாமதத்துக்கும் பொருந்துகிற பதில் அது. செந்தூலில் எங்கள் வீட்டிலிருந்து அந்த டியூஷன் நிலையத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பது அவனுக்கும் தெரியும். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்காததுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு என் கைப்பேசியில் நாள் திட்டமிடும் செயலிகள் நான்கு இருந்தன. ஒன்றில் வேலைக்கு நீலம், வீட்டுக்குப் பச்சை, 'எனக்கான நேரம்' என்பதற்கு மஞ்சள். அந்த மஞ்சள் கட்டங்களில்தான் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். கேஎல் சென்ட்ரல் பக்கம் ஒரு நடுத்தர கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம், இபிஎஃப் என்ற சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, மாத வரிப்பிடித்தம் எல்லாம் என் மேசை வழியாகப் போகும். ஒரு மாதச் சம்பளத்துக்கான பிடித்தங்களை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். அதனால் என் மாதம் ஒன்றாம் தேதியில் தொடங்குவதில்லை, 16ஆம் தேதியில்தான் தொடங்கும். வீட்டில் கணவர், இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று படிக்கும் மகள், மேலே சொன்ன மகன், அம்மா. இவ்வளவுதான் என் உலகம். இதை ஓட்டத்தான் நாலு செயலி.

முதலில் ஐந்து மணிக்கு எழும் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் ஐந்து மணிக்கு எழுகிறார்கள் என்று யாரோ சொல்ல, நானும் மூன்று வாரம் எழுந்தேன். எழுந்து கும்மிருட்டில் உட்கார்ந்தேன். ஐந்தே முக்காலுக்கும் இருட்டு. ஆறரைக்கும் இருட்டு. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போதும் தெருவிளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் கொட்டாவி. சாயங்காலம் யார் எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன். மூன்றாவது வாரம் மகள் சொன்னாள்: "அம்மா, நீங்க தூங்குங்கம்மா, ப்ளீஸ்."

இதில் என் சோம்பலுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் நம் ஊர்க் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனபோது, தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை எல்லாம் நேராகப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். சபா, சரவாக்குடன் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம். அந்த அரை மணி நேரம் இன்னும் திரும்பி வரவில்லை. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. விடிவதும் அப்படித்தான், ஏழு மணி வாக்கில். பிப்ரவரியில் ஏழரையை ஒட்டியும் போகும். சூரியன் ஆறு மணிக்கு வரும் ஊரில் ஐந்து மணிக்கு எழுபவர் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் எழுகிறார். இங்கே ஐந்து மணிக்கு எழுபவர் ஏறக்குறைய நடு ராத்திரியில் எழுகிறார். காணொளிக்காரருக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இதே விஷயத்தைப் பாட்டி வேறு விதமாகச் சொல்லி நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

பாட்டி பத்தாங் பெர்சுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அம்மாவும் கல்யாணம் ஆகும்வரை அவருக்குத் துணையாக மரத்துக்குப் போனவர்தான். பள்ளி விடுமுறையில் என்னை அங்கே விட்டுவிடுவார்கள். லயத்து வீட்டில் விடிவதற்கு வெகு முன்பே அடுப்பு எரியும். இருட்டோடு இருட்டாகப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் கொடுத்துவிட்டுத் தலையில் விளக்கு, கையில் உளி, தோளில் வாளி என்று நிரைக்குப் போய்விடுவார்கள். நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒவ்வொன்றிலும் பட்டையை மெல்லிசாகச் சீவி, பால் விழும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரம். எல்லா மரமும் வெட்டி முடித்தபின் காத்திருப்பார்கள். பால் வடிந்து மங்கு நிறையும்வரை காத்திருந்து, பிறகு சேகரித்து, ஸ்டோரில் நிறுத்துப்போட வேண்டும்.

ஏன் அவ்வளவு இருட்டில் போக வேண்டும் என்று கேட்டேன். பாட்டி, "வெயில் ஏறிட்டா மரம் பால் கொடுக்காது புள்ள" என்றார். அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. இரவில் இலை வழியாக நீர் போவது குறைவு. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் விடியலுக்கு முன் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற அது குறைந்துவிடும். அதே மரம், அதே உளி, அதே கைதான். பத்து மணிக்கு மேல் வெட்டினால் பால் குறைந்துதான் வரும்.

கடிகாரத்தை மாற்றிய அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் பாட்டி சிரிப்பார். "மணியை மாத்துனாங்க, மரத்துக்கு யாரு சொன்னா?"

எல்லா மணி நேரமும் ஒரே மணி நேரம் இல்லை என்று நான் புரிந்துகொள்ள ஒரு பையன் மாடிப்படியில் உட்கார வேண்டியிருந்தது. செயலிகள் எல்லாம் ஒரு நாளை இருபத்துநான்கு ஒரே மாதிரியான நாணயமாகக் காட்டுகின்றன. இதை இங்கே செலவழி, அதை அங்கே மிச்சம் பிடி என்கின்றன. பாட்டிக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. வெட்டுவதற்கு ஒரு நேரம், வடிவதற்கு ஒரு நேரம், நிறுப்பதற்கு ஒரு நேரம். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் கூலி போய்விடும்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பாட்டியின் நாளை நான் புகழவில்லை. அது அவருடைய நாளே அல்ல, தோட்டத்தின் நாள். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் சம்பளமும் இல்லை. பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனதை அவர் கடைசிவரை பெருமையாகச் சொன்னதில்லை. மரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை மட்டும்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, என் பால் எப்போது வடிகிறது? அதைக் கண்டுபிடிக்கப் புதுச் செயலி எதுவும் இறக்கவில்லை. அலுவலக மேசை நாள்காட்டியின் பின்பக்கத்தில் இரண்டு வாரம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கோடு போட்டேன். வேலை தானாக ஓடினால் மேலே ஒரு புள்ளி, தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தால் கீழே ஒரு புள்ளி. என்ன செய்தேன் என்பதை ஓரிரு சொல்லில் எழுதினேன். அவ்வளவுதான். எட்டு நாள் கோடுகூட ஒழுங்காக விழவில்லை, ஆனாலும் போதுமானதாக இருந்தது. காலை எட்டேகாலிலிருந்து பத்தேகால் வரைதான் புள்ளிகள் மேலே கூட்டமாக இருந்தன. சாயங்காலம் நாலரைக்கு மேல் ஒரு சின்னக் கூட்டம். நடுவில் பாலைவனம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. எட்டரைக்கு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து எல்லாரும் பசியாறுவோம். அப்புறம் மின்னஞ்சல். அப்புறம் புலனத்தில் (வாட்ஸ்அப்) மூன்று குழு: அலுவலகம், பள்ளி, சொந்தக்காரர்கள். யாருக்கோ பிறந்தநாள், வாழ்த்து. பத்தேகாலுக்கு 'சரி, வேலையைப் பார்ப்போம்' என்று வங்கிக் கணக்கு ஒப்பிடும் கோப்பைத் திறப்பேன். மரம் பால் நிறுத்தும் நேரத்துக்கு உளியை எடுப்பேன், அவ்வளவுதான் கதை.

மாற்றினேன். பசியாறலை வீட்டிலேயே முடித்துவிட்டு வருகிறேன் (இதற்கு என் மலாய்த் தோழி இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் அவளோடு சாப்பிடுகிறேன்). கணினியைத் திறந்ததும் முதலில் அந்த மாதத்தின் மிகச் சிக்கலான ஒப்பீடு. மின்னஞ்சல் பத்தரைக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை. முன்பு ஒரு முழு மதியத்தையும் தின்ற வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. நான் புத்திசாலி ஆகிவிடவில்லை. அதே நான்தான், காலையில் இருக்கும் நான்.

மேலாளர் ஒத்துக்கொண்டாரா என்றால், உடனே இல்லை. புலனத்தில் செய்தி அனுப்பினால் இரண்டு நிமிடத்தில் நீல டிக் விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிற மனிதர். கெட்டவர் அல்ல, பழக்கம். "அவசரம்னா போன் பண்ணுங்க, கண்டிப்பா எடுப்பேன். செய்தின்னா பத்தரைக்குப் பார்ப்பேன்" என்று ஒரு நாள் தைரியமாகச் சொன்னேன். முகம் கொஞ்சம் மாறியது. பிறகு இரண்டு மாதத்தில் அவர் அழைத்தது மூன்றே தடவை. மற்ற நூற்றுக்கணக்கான செய்திகள் எல்லாம் பத்தரைவரை உயிரோடுதான் இருந்தன.

நடுவில் ஒரு செய்தியைப் பார்த்தால் என்ன, இருபது விநாடிதானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், புது வேலை தரமாக வராது. இதைச் சமையலறையில் நின்றவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வெங்காயம் நறுக்கிய கையோடு பிள்ளைக்குப் பால் கலக்கிக் கொடுங்கள், அது என்ன சொல்கிறது பாருங்கள்.

இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற தக்காளி முறையையும் முயன்றேன். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், கல்லூரி மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. இத்தாலிய மொழியில் பொமொதோரோ என்றால் தக்காளிதான். என் காலை நேரத்துக்கு அது ஒத்துவரவில்லை. பால் நன்றாக வடிந்துகொண்டிருக்கும்போது மங்கைத் தட்டிவிடுவதுபோல மணி அடிக்கும். ஆனால் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்குவது, இஸ்திரி போடுவது மாதிரி மனம் ஒட்டாத வேலைகளுக்கு அருமையான முறை. 'இன்னும் இருபத்தைந்து நிமிடம்தானே' என்று உடம்பை ஏமாற்றிவிடலாம். மகள் அதில்தான் வரலாறு படிக்கிறாள்.

இப்போது பாலைவனத்துக்கு வருகிறேன். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை. சோறு உள்ளே போய், குளிரூட்டி மேலே அடித்து, எழுத்தெல்லாம் மிதக்கும் நேரம். இதற்குத் தீர்வு அம்மாவிடமிருந்து வந்தது, அவருக்கே தெரியாமல்.

அம்மா நாள்காட்டியைப் பார்க்காமல் வாசல்படி தாண்ட மாட்டார். ராகுகாலம் ஒன்றரை மணி நேரம், ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு நேரம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று அவருக்கு மனப்பாடம். நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்டால், இல்லை. ஒரு நாள் மகள்கூட மடக்கினாள். "பாட்டி, இந்த நேரமெல்லாம் சூரியன் ஆறு மணிக்கு வர்ற கணக்கு. இங்க ஏழு மணிக்குத்தான் வருது. அப்போ ராகு இங்க ஒரு மணி நேரம் லேட்டா?" அம்மா அசரவில்லை. "அவருக்கும் ஜாமா இருக்கும்."

ஆனால் அம்மா ராகுகாலத்தில் சும்மா இருப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். விதி, புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பதுதான். ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம். ஆகவே அந்த ஒன்றரை மணி நேரத்தில் அம்மா பாதி தைத்த ரவிக்கைக்கு ஊக்கு வைப்பார், காய வைத்த மிளகாயை டப்பாவில் போடுவார், போன வாரம் எழுதத் தொடங்கிய மளிகைப் பட்டியலை முடிப்பார். எங்கள் வீட்டில் பாதியில் கிடக்கிற வேலை ஒன்றும் இல்லாததற்கு ராகுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. என் மேசையிலோ எல்லாம் பாதி. அனுப்பாத வரைவு மின்னஞ்சல் பதினான்கு. ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும் படிவங்கள். பெயர் மாற்றாத கோப்புகள்.

எனவே என் பாலைவனத்துக்கு ராகுகாலம் என்று பெயர் வைத்தேன். தினமும் இரண்டு முதல் மூன்றரை. அந்த நேரத்தில் புதுக் கோப்பு திறப்பதில்லை, புதுக் கூட்டத்துக்குச் சம்மதிப்பதில்லை, பாதியில் நிற்பதை மட்டும் முடிப்பது. தூங்கி வழிகிற மூளைக்கு முடிக்கும் வேலை சுலபம், ஏனென்றால் யோசிப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்டது. ஆறு மாதம் ஆகிறது. நான் செய்த மாற்றங்களில் எதை வைத்துக்கொள்வாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னதற்கு, "தினமும் ஒரே நேரத்துக்கு வர்றதுக்கு ராகு என்ன உன் ஆபீஸ் ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கெடு விஷயத்தில் நான் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் அது ஊதிப் பெருகும் என்று 1955-ல் எழுதிய பார்க்கின்சன், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். காலனி காலத்து அலுவலகங்களை நேரில் பார்த்த மனிதர் என்று தெரிந்தபோது, அந்த விதி எனக்கு நம் ஊர்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. 15ஆம் தேதி கெடு என்றால் என் வேலை 15ஆம் தேதி சாயங்காலம் நாலே முக்காலுக்குத்தான் முடிகிறது. எப்படி அவ்வளவு சரியாக என்றுதான் தெரியவில்லை. எனக்கு நானே 11ஆம் தேதி என்று பொய்க்கெடு வைத்துப் பார்த்தேன். நான் வைத்த பொய் எனக்குத் தெரியாதா? பலிக்கவில்லை. பக்கத்து மேசைத் தோழியிடம், "12ஆம் தேதி காலை பத்தரைக்கு என் பட்டியலை நீ சரிபார்க்கணும்" என்று கேட்டு, அவள் நாள்காட்டியிலும் எழுத வைத்த பிறகுதான் கொஞ்சம் நகர்ந்தது. இன்னொரு மனுஷி காத்திருக்கிறாள் என்றால் கை தானாக வேகம் பிடிக்கிறது. இருந்தும் போன மாதம் மறுபடி 15தான்.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வதில் மனிதர்கள் எல்லாருமே மோசம் என்பது மட்டும் ஆறுதல். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனதோ 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சொன்ன சுமார் 49 நாளையும் அது தாண்டிப் போனது.

எங்கள் வீட்டுத் தீபாவளி முறுக்குக்கு இந்த ஆய்வு தேவையே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அம்மா "நாலு மணி நேர வேலை" என்பார். ஒவ்வொரு வருஷமும் காலை ஒன்பதுக்குத் தொடங்கி ராத்திரி எட்டரைக்கு எண்ணெய்ச் சட்டியை இறக்குவோம். ஆனால் ஒன்று கவனித்தேன். அன்றைக்கு மட்டும் அம்மா இரவுச் சமையலுக்கு அரிசி ஊற வைப்பதே இல்லை. மதியமே என் கணவரிடம், "சாயங்காலம் வரும்போது மீ கோரிங் தாப்பாவ் பண்ணிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுவார். வாயில் நாலு மணி நேரம், ஏற்பாட்டில் பன்னிரண்டு மணி நேரம். இப்போது நானும் அலுவலகத்தில் அப்படித்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன், எவ்வளவு ஆனது என்று இரண்டு வரிசை எழுதி வைக்கிறேன். என் கணக்கு பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றேமுக்கால். வெளியே ஒரு மணி நேரம் என்று சொல்ல நேர்ந்தாலும், நாள்காட்டியில் ஒன்றேமுக்கால் மணி நேரம் அடைத்துவிடுகிறேன்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால் எல்லாம் அலுவலகம். நேர மேலாண்மைப் பேச்சில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறையே இதுதான். பேசுகிறவர்கள் காலையில் எழுந்து தியானம் செய்கிறார்கள், குறிப்பேடு எழுதுகிறார்கள், ஓடுகிறார்கள். அந்த வீட்டில் பிள்ளைக்கு டிபன் கட்டுவது யார்? சாக்ஸ் ஜோடி தேடுவது யார்? அதை யாரும் சொல்வதே இல்லை. 2023 ஜனவரியிலிருந்து நம் நாட்டு வேலைச் சட்டப்படி வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது, நல்ல விஷயம். குறைந்த அந்த மூன்று மணி நேரம் என் வீட்டில் எங்கே போனது என்று தேடினேன். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் உதவாதவர் அல்ல. சொன்னால் செய்வார். பிரச்சினையே அந்தச் 'சொன்னால்' என்பதில்தான். நாளைக்குப் பள்ளியில் என்ன, உடற்கல்வி இருக்கிறதா, வெள்ளைச் சட்டையா சாரணர் உடையா, வேன் அங்கிளுக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்பதை எல்லாம் தலையில் சுமப்பது ஒரு வேலை. கைவேலையைப் பங்கு போட்டாலும் தலைவேலை என்னிடமே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். காலை ஐந்தேமுக்காலிலிருந்து பிள்ளைகள் வேனில் ஏறும்வரை முழுதும் அவருடையது, யோசிப்பது உட்பட. இரவுச் சாப்பாடும் வீட்டுப்பாடமும் என்னுடையது. முதல் வாரம் மகன் இரண்டு வேறு நீளச் சாக்ஸில் போனான். இரண்டாவது வாரம் வேன் பணத்துக்கு வேன் அங்கிளே புலனத்தில் ஞாபகப்படுத்தினார், அதுவும் எனக்கு. அதை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டு, வேறு எதுவும் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் வாழ்க்கையில் நான் கடைப்பிடித்த மிகக் கடினமான நேர மேலாண்மைப் பயிற்சி அதுதான். நாலாவது வாரத்திலிருந்து எனக்குக் காலையில் நாற்பது நிமிடம் கிடைக்கிறது. அதில் நான் தியானம் செய்வதில்லை, தூங்குகிறேன்.

பாட்டியிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன். ஒரே மரத்தைத் தினமும் வெட்ட மாட்டார்கள். இன்றைக்கு இந்த நிரை, நாளைக்கு வேறு நிரை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மரத்துக்கு உளி படும். அவசரப்பட்டு தினமும் வெட்டினால் சில காலம் பால் கூடும், பிறகு பட்டை வறண்டு மரமே பால் நிறுத்திவிடும். இது தோட்ட நிர்வாகத்தின் கருணை அல்ல, லாபக் கணக்கு. இலை உதிரும் காலத்தில் பால் குறைவதையும் யாரும் மரத்தின் சோம்பல் என்று சொன்னதில்லை.

எங்கள் சாயங்காலங்களை இப்படிப் பிரித்தோம். திங்கள், புதன், வெள்ளி வெட்டும் நாள்: டியூஷன், மகளின் பரத வகுப்பு, கோயில், வரிப் படிவம், பில் கட்டுவது எதுவானாலும் அதற்குள். செவ்வாய், வியாழன் மரத்துக்கு ஓய்வு. செவ்வாய் டியூஷனை மாற்ற டீச்சரிடம் கேட்டபோது அவர் கொஞ்சம் தயங்கித்தான் திங்களில் இடம் கொடுத்தார். ஓய்வு நாளில் என்ன செய்கிறோம் என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. சில வியாழன் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போய் அப்பாம் பாலிக் வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுவோம். சில நாள் நாலு பேரும் நாலு மூலையில் கிடப்போம். மகன் அம்மாவோடு தாயம் விளையாடித் தோற்பான். கல்யாண வீட்டு அழைப்பு வந்தால் எல்லாம் கலையும். தைப்பூச வாரத்தில் பத்துமலைக்கு நடக்கிற கூட்டத்தில் எங்கள் பகுதியே அடங்காது, அட்டவணையை மடித்து வைத்துவிடுவேன். 13, 14, 15 தேதிகள் செவ்வாய் வியாழனில் விழுந்தால் ஓய்வும் போய்விடும். அதை எப்படிச் சரி செய்வது என்று இன்னும் எனக்கு வழி அகப்படவில்லை.

செயலிகளில் மூன்றை அழித்துவிட்டேன். ஒன்று மட்டும் இருக்கிறது, மகனைக் கூட்டி வரும் நேரத்துக்கு மணி அடிப்பதற்கு. அதை மகன்தான் அமைத்துக் கொடுத்தான். ஒலியை அணைத்தாலும் அடிக்கும்படி.

இதை வியாழக்கிழமை எழுதத் தொடங்கினேன், ஓய்வு நாளென்று பாதியில் மூடிவைத்தேன். இன்று ஞாயிறு, மணி ஐந்தேகால், வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது. கூடத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார். "ராகுகாலமாச்சே, புதுசா என்ன எழுதுற?" புதுசு இல்லை, வியாழக்கிழமையே ஆரம்பித்தது என்றேன். "அப்போ சரி" என்றவர், பாதி ஆய்ந்து கிடந்த முருங்கைக்கீரை முறத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"இதுவும் காலையில ஆரம்பிச்சதுதான். முடிச்சிடு."